மனத்திறன் தாளும் தறி வீட்டு அட்டையும்

தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வு எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கானது. ஆசிரியர்கள் வாயில் அது என்.எம்.எம்.எஸ். மத்திய அரசு 2008இல் தொடங்கிய திட்டம். அரசு, அரசு உதவிபெறும், உள்ளாட்சிப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகள், பெற்றோரின் ஆண்டு வருமானம் 3,50,000 ரூபாய்க்கு மிகாதிருந்தால் எழுதலாம். தேர்வானால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். தமிழ்நாட்டுக்கு 6,695 இடங்கள். பட்டுத் தறியையும் அரிசி ஆலையையும் நம்பிய களம்பூரில் நான்காண்டுக்கு 48,000 ரூபாய் என்பது சின்னத் தொகையல்ல.

தாள்கள் இரண்டு, ஒவ்வொன்றிலும் 90 வினா, 90 நிமிடம். ஒன்று பாடத்திலிருந்து வருவது; அதைப் படித்துச் சமாளிக்கலாம். காலை வாருவது மனத்திறன் தாள்தான். எண் தொடர், குறியீடு, ஒப்புமை, கண்ணாடி பிம்பம், மறைந்துள்ள உருவம் என்று அதில் வருபவை எந்தப் பாடப் பக்கத்திலும் இல்லை.

பழைய வினாத்தாள்களைக் கட்டுக்கட்டாகப் போட வைப்பது வழக்கமான பயிற்சி. பலன் ஓரளவுதான். 3, 7, 15, 31, அடுத்து என்ன? ஒரு பிள்ளை இரட்டித்து ஒன்று கூட்டி 63 என்கிறது. இன்னொன்று 4, 8, 16 என்று வித்தியாசத்தைப் பார்த்து, 32ஐக் கூட்டி அதே 63க்கு வருகிறது. ‘சரி, அடுத்தது’ என்று ஆசிரியர் நகர்ந்துவிட்டால் இரண்டு வழி இருந்ததே வகுப்புக்குத் தெரியாது. 1, 3, 7, 13, 21 என்ற தொடரைக் கொடுத்தால் குட்டு வெளிப்படும். இரட்டிக்கும் பிள்ளை 7 வரை சரியாக வந்து, 15ஐ எதிர்பார்த்து 13இல் முட்டி நிற்கும். வித்தியாசம் பார்த்த பிள்ளை 31 என்று எழுதிவிடும். ஆகவே விடையைவிட ‘எப்படி வந்தது?’ என்ற கேள்விக்கு நேரம் ஒதுக்குவது நல்லது. நாளுக்குப் பத்து வினா போதும்; பத்துக்கும் வழி சொல்ல வேண்டும்.

உருவ வினாக்களுக்கு ஊரிலேயே பாடப்பொருள் கிடக்கிறது. தறியில் ஓடித் தேய்ந்த ஜக்கார்டு அட்டை ஒன்றை வகுப்புக்குக் கொண்டுவரலாம். ஓட்டை உள்ள இடத்தில் பாவு இழை எழும்; இல்லாத இடத்தில் எழாது. கட்டம்போட்ட தாளில் ஓட்டைக்கு 1, வெற்றிடத்துக்கு 0 என்று எழுதினால் அதுவே குறியீட்டுக் கணக்கு. சேலையில் வரும் புட்டா உருவத்தின் பாதியை வரைந்து மறுபாதியைப் பிள்ளையை முடிக்கச் சொன்னால் கண்ணாடி பிம்பம் வந்துவிடும். பிரான்சில் 1804இல் ஜக்கார்டு செய்த இந்த அமைப்பிலிருந்தே சார்லஸ் பாபேஜ் தம் கணிப்பொறிக்கு அட்டை யோசனையை எடுத்தார் என்று சொன்னால் கடைசி பெஞ்சும் நிமிரும். ஆனால் தறி வீட்டுப் பிள்ளை என்பதாலேயே இவ்வினாக்கள் கைவந்துவிடா. தினமும் பார்க்கிற ஒன்றை வாயால் விளக்கச் சொன்னால் பலரும் திணறுகிறார்கள். பயிற்சி அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

கவனத்தைப் பழக்க, ஒரே நேரத்தில் பலவற்றை மனத்தில் வாங்கிக் காட்டும் கவனகம் என்ற கலை இருக்கிறது. இடலாக்குடி செய்குத்தம்பிப் பாவலர் 1907 மார்ச் 10 அன்று சென்னை விக்டோரியா அரங்கில் ஒரே அமர்வில் நூறு கவனகம் செய்து காட்டினார். பள்ளிக்கு மூன்று போதும்: முதுகில் விழும் புளியங்கொட்டையை எண்ணுவது, இடையில் கேட்கும் கூட்டலுக்கு விடை சொல்வது, தொடக்கத்தில் கொடுத்த சொல்லை முடிவில் திருப்பிச் சொல்வது. முதல் வாரம் எண்ணிக்கை தவறும். அதைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்க வகுப்பைப் பழக்குவதே பெரிய வேலை.

தேர்வறையில் பறிபோகும் மதிப்பெண் வேறு வகை. ஒரு வினாவை விட்டுவிட்டு, விடைத்தாளில் அதன் வட்டத்தை விடாமல் அடுத்த விடையை நிரப்பினால், அதன்பின் எல்லாமே ஒரு வரிசை தள்ளிப் போகும். ஐந்து வினாவுக்கு ஒருமுறை எண்ணைச் சரிபார்க்கும் பழக்கம் மாதிரித் தேர்விலேயே வர வேண்டும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. வட்டத்தைக் காலியாக விடுவதில் லாபமில்லை.

பட்டியலில் பெயர் வந்தபின்னும் வேலை இருக்கிறது. மாணவர் பெயரில் வங்கிக் கணக்கு வேண்டும். தேசிய உதவித்தொகை இணையதளத்தில் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பதினொன்றாம் வகுப்பில் தொகை தொடரப் பத்தாம் வகுப்பில் 60 விழுக்காடு தேவை. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு 55.