லைனுக்கு போன் போட்டால் வரி குறையும்

ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் இருக்கிறவங்களுக்கு கஸ்டம்ஸ் பேப்பர் புதுசில்ல. தோல் பதனிட வெளிநாட்டுக் கெமிக்கல் வந்து இறங்கினா, பேப்பர்ல இருக்கிற மதிப்பை வைத்துத்தான் வரி. இப்போ ஒரு கேள்வி. அந்தப் பேப்பரைச் சரிபார்க்கிற துறையையே ஒரு கும்பல் நடத்தினா, நீங்க யார்கிட்ட புகார் கொடுப்பீங்க?

மத்திய அமெரிக்காவில் இருக்கிற குவாத்தமாலாவில் இதுதான் நிலைமையா இருந்தது. 36 வருஷ உள்நாட்டுப் போர் 1996ல் முடிந்தது. ஆனா போர்க்கால உளவு ஆட்களின் தொடர்புகள் கலையல. கடத்தலுக்கும் மோசடிக்கும் திரும்பின. போலீஸிலும் கோர்ட்டிலும் அவங்களுக்கு ஆள் இருந்தது. அதனால 2006 டிசம்பரில் அந்த நாட்டு அரசே ஐ.நா.வோடு ஒப்பந்தம் போட்டது. அடுத்த வருஷம் 'சிசிக்' என்ற ஆணையம் வேலையை ஆரம்பித்தது.

இதை ஐ.நா. நீதிமன்றம்னு நினைச்சுடாதீங்க. வெளிநாட்டு வழக்கறிஞர்கள் தனியா வழக்குப் போட முடியாது. உள்ளூர் அரசு வழக்கறிஞரோடு சேர்ந்து, உள்ளூர் கோர்ட்டில், உள்ளூர் சட்டப்படிதான் வாதாடணும். எனக்கு இதில் பிடித்ததே இதுதான்: வேலை செய்யச் செய்ய உள்ளூர் ஆட்களும் கற்றுக்கொண்டாங்க.

2015 ஏப்ரலில் 'லா லீனியா' வழக்கு வெளியே வந்தது. ஸ்பானிஷில் 'லைன்'னு அர்த்தம். இறக்குமதியாளர் ஒரு போன் நம்பருக்குக் கூப்பிட்டா போதும், வரி குறையும், லஞ்சம் கைமாறும். போனை ஒட்டுக்கேட்டபோது இழை மேலே மேலே போனது. மே மாதம் துணை அதிபர் ராஜினாமா, செப்டம்பரில் அதிபர் பெரெஸ் மோலினாவே ராஜினாமா, அப்புறம் ஜெயில். அவர் ராணுவ உளவுத்துறையின் முன்னாள் தலைவர்!

அடுத்து வந்த ஜிம்மி மொராலெஸ், 'ஊழல்வாதியும் இல்ல, திருடனும் இல்ல'ன்னு சொல்லி ஜெயித்தவர். விசாரணை அவர் குடும்பத்துக்கும் தேர்தல் நிதிக்கும் வந்ததும், ஆணையத்தைப் புதுப்பிக்க மாட்டேன்னுட்டார். 2019 செப்டம்பரில் கதை முடிந்தது. ஆணையத்தோடு வேலை செய்த உள்ளூர் அரசு வழக்கறிஞர் சாந்தோவால், 2021ல் பதவி பறிக்கப்பட்ட சில மணி நேரத்தில் நாட்டை விட்டே வெளியேறினார்.

பக்கத்து இலங்கையில் வேற வழி. 2022ல் அந்நாடு வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்திய பிறகு, சர்வதேச நாணய நிதியம் கடனோடு சேர்த்து நிர்வாகத்தையும் ஆராய்ந்தது. ஆசியாவில் இப்படி ஓர் அறிக்கை வந்த முதல் நாடு இலங்கைதான்; 2023 செப்டம்பரில் வெளியானது. சுங்கம், வரி எல்லாம் அதில் உண்டு. ஆனா நிதியத்துக்கு போனை ஒட்டுக்கேட்கவோ கோர்ட்டில் நிற்கவோ அதிகாரம் கிடையாது. அதன் கையில் இருப்பது அடுத்த கடன் தவணை. வழக்குப் போடுவது கொழும்பில் இருக்கிற இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் வேலை.