பணியிடத்தில் பொதுமை காணல்

முன்னுரை

கல்லூரிப் படிப்பை முடித்துப் பணிக்குச் செல்லும் இளைஞர் பலர், தாம் கற்ற கல்வியொன்றே தம்மை உயர்த்திவிடும் எனக் கருதுகின்றனர். பணியிடமோ மொழி, ஊர், சமயம், அகவை ஆகியவற்றால் வேறுபட்ட மாந்தர் கூடும் இடமாகும். அவர்தம் நம்பிக்கையைப் பெறாதவர் கூறும் நல்ல கருத்தும் செவியேறுவதில்லை. அவையறிதலுக்கு வள்ளுவர் தனி அதிகாரமே வகுத்துள்ளார். அவையை அறிந்தபின் அதனோடு இணங்கும் வழி, அவர்க்கும் நமக்கும் உரிய பொதுமையைக் காண்பதாகும். அதனை ஒரு வரலாற்றுச் சான்றின்வழி நோக்குவோம்.

சிறையில் தொடங்கிய பயிற்சி

தென்னாப்பிரிக்காவில் ஆயுள் தண்டனை பெற்ற நெல்சன் மண்டேலா, 1964ஆம் ஆண்டு ராபன் தீவுச் சிறைக்கு அனுப்பப்பெற்றார். காவலர்கள் வெள்ளையர், பெரும்பாலோர் பேசியது ஆப்பிரிக்கான்ஸ் மொழி. ஒடுக்குவோரின் மொழி என்று பலர் வெறுத்த அதனை மண்டேலா முறையாகக் கற்றார். உடனிருந்த இந்திய வம்சாவளியினரான மாக் மகராஜ் அதனைக் கற்கத் தயங்கியபோது, எதிரணியினரின் உள்ளத்தை அறிய அவர்தம் மொழியையும் இலக்கியத்தையும் அறிதல் வேண்டும் என வற்புறுத்தினார்.

1982இல் அவர் பால்ஸ்மூர் சிறைக்கு மாற்றப்பெற்றார். அங்கிருந்த அதிகாரி ஒருவர் ரக்பி விளையாட்டில் பெரும்பற்றுடையவர். மண்டேலா அவ்விளையாட்டைப் பற்றிப் படித்தறிந்து, அவர்தம் மொழியிலேயே அவருடன் உரையாடினார். உணவைச் சூடாக்கிக்கொள்ள வேண்டிய மின்னடுப்பு அதன்பின் கிடைத்தது. கேட்டது சிறிது, அதற்காகக் கற்றது பெரிது.

அலுவலகத்தில் விளைந்த பயன்

1994இல் மண்டேலா குடியரசுத் தலைவரானார். பழைய ஆட்சியில் பணியாற்றிய வெள்ளை அலுவலர் பலர், தம் வேலை போய்விடும் என அஞ்சினர். விரும்புவோர் தொடரலாம் என அவர் உறுதி கூறினார். அவ்வாண்டில் தட்டச்சராகச் சேர்ந்த செல்டா லா கிரேஞ்ச், நிறவெறி ஆட்சியை ஆதரித்த குடும்பத்தில் பிறந்தவர். முதற் சந்திப்பில் மண்டேலா அவரிடம் அவருடைய தாய்மொழியில் பேசினார், அவர் கண்கலங்கினார். பின்னர், மண்டேலா பதவியிலிருந்து விலகிய பின்னும் அவருக்குத் துணையாகவே பணியாற்றினார்.

1995 சூன் 24ஆம் நாள் உலகக் கோப்பை ரக்பி இறுதிப் போட்டியில், வெள்ளையரின் சின்னமாகக் கருதப்பட்ட பச்சைச் சட்டையை அணிந்து மண்டேலா அரங்கிற்கு வந்தார். பெரும்பாலும் வெள்ளையரே நிறைந்திருந்த கூட்டம் அவர் பெயரைச் சொல்லி முழங்கியது.

இணக்கமும் கொள்கையும்

இவ்விணக்கத்திற்காக அவர் கொள்கையை விற்றாரல்லர். நிபந்தனையை ஏற்றால் விடுதலை என 1985இல் அரசு கூறியபோது, அதனை மறுத்துச் சிறையிலேயே இருந்தார். முகமன் கூறுவோர்க்கும் பொதுமை காண்போர்க்கும் உள்ள வேறுபாடு இதுவேயாகும். முன்னவர் பிறர் கருத்துக்கெல்லாம் தலையசைப்பர். பின்னவர் மாறுபடும் இடத்தில் மாறுபட்டு, ஒன்றுபடும் இடத்தில் ஒன்றுபடுவர்.

நாம் பெறும் பாடங்கள்

முதலாவது, பொதுமை தானே வந்து வாய்ப்பதன்று, உழைத்துத் தேடுவதாகும். உடன் பணியாற்றுவோரின் தொழில்நுட்பம், குடும்பக் கவலை, விருப்பம் ஆகியவற்றைப் பொறுமையுடன் கேட்டறிதல் வேண்டும்.

இரண்டாவது, இல்லாத ஆர்வத்தை இருப்பதுபோல் நடித்தல் கூடாது. நடிப்பு ஒருநாள் வெளிப்படும். அன்றே நம்பிக்கையும் அகலும்.

மூன்றாவது, பொதுமை பிறரை விலக்கும் வேலியாகிவிடல் ஆகாது. இதனை விரித்துரைத்தல் தேவையாகின்றது. "நீங்களும் எங்கள் ஊரா?" என்னும் வினா இருவரை நெருங்கச் செய்யும், அருகிலிருக்கும் மூன்றாமவரை அயலாராக்கவும் செய்யும். ஓர் ஊரார், ஒரு சாதியார், ஒரு சமயத்தார் தமக்குள் கூடிப் பதவியும் சலுகையும் பகிர்ந்துகொள்வாராயின், அஃது இணக்கமன்று, ஓரவஞ்சனையே. பிறப்பால் வந்த ஒற்றுமை எளியது, குறுகியது. செய்யும் பணியின் செம்மை, பயன்பெறுவோரின் நலம், நேர்மை ஆகியவை அனைவரும் நிற்கத்தக்க அகன்ற தளங்களாம்.

முடிவுரை

தம்மைப் போன்றவரோடு இணங்குதல் எவர்க்கும் இயல்பு. தம்மினின்றும் வேறுபட்டவரோடு இணங்குதல் கல்வியின் பயன். பணியேற்கும் முதல்நாளில், தம் ஊராரைத் தேடுமுன் தமக்கு முற்றிலும் புதியவரான ஒருவரிடம் சென்று, அவர் பணியைப் பற்றிக் கேட்டறியுமாறு மாணவர்களை வேண்டுகிறோம்.