உங்களை முழுமையாக அறிந்த மருத்துவர் ஒருவர் இருக்கிறாரா?

வெளிநோயாளிப் பராமரிப்பை நீங்களே அளந்து பார்க்க ஒரு வழிகாட்டி

வயது ஏற ஏற, மருத்துவரைப் பார்க்கும் நாள்களும் கூடுகின்றன. நீரிழிவுக்குப் பலதுறை மருந்தகம், இதயத்துக்கு மருத்துவமனையில் நிபுணர், கண்ணுக்கு இன்னோர் இடம், இருமல் சளி வந்தால் புளோக்குக்குக் கீழே உள்ள தனியார் மருந்தகம். ஒவ்வோர் இடத்திலும் நல்ல சிகிச்சை கிடைக்கலாம். ஆனால், இவை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பவர் யார்?

தொடர்ச்சியும் ஒருங்கிணைப்பும்

பராமரிப்பின் தொடர்ச்சி என்றால், ஒரே மருத்துவர் அல்லது ஒரே மருத்துவக் குழு உங்களைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருவது. உங்கள் பழைய நோய்கள், ஒத்துக்கொள்ளாத மருந்துகள், வீட்டுச் சூழ்நிலை எல்லாம் அவருக்குத் தெரியும்.

பராமரிப்பின் ஒருங்கிணைப்பு என்றால், உங்களைக் கவனிக்கும் பல மருத்துவர்களுக்கும் ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரிந்திருப்பது.

இரண்டும் தேவை. ஒன்று இருந்தால் மற்றொன்று தானாக வந்துவிடாது.

இது ஏன் முக்கியம்?

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 72 வயது மூதாட்டி ஒருவர் உயர் ரத்த அழுத்தத்திற்காகப் பலதுறை மருந்தகத்தில் லோசார்ட்டான் மாத்திரையும், உடலில் சேரும் நீரை வெளியேற்றும் மாத்திரையும் பெறுகிறார். முழங்கால் வலி வந்தபோது வேறொரு மருந்தகத்திற்குச் செல்கிறார். அங்கே டைக்ளோஃபெனாக் என்னும் வலி மாத்திரை தருகிறார்கள். தாம் ஏற்கெனவே எடுத்துவரும் மருந்துகளைப் பற்றி அவர் சொல்லவில்லை.

இந்த மூன்றும் தனித்தனியே பலருக்கும் கொடுக்கப்படும் மருந்துகள்தான். ஆனால் மூன்றும் ஒன்றுசேரும்போது சிறுநீரகம் திடீரெனப் பாதிக்கப்படலாம். மூத்தோருக்கும், சிறுநீரகம் ஏற்கெனவே பலவீனமாக உள்ளவர்களுக்கும் இந்த ஆபத்து அதிகம். மருந்துப் பட்டியல் முழுவதையும் ஒருவர் பார்த்திருந்தால் இதைத் தவிர்த்திருக்கலாம்.

தொடர்ச்சியின் பலனை வெளிநாட்டு ஆய்வுகளும் காட்டுகின்றன. 2018ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, 9 நாடுகளைச் சேர்ந்த 22 ஆய்வுகளை ஆராய்ந்தது. அவற்றுள் 18 ஆய்வுகளில், ஒரே மருத்துவரிடம் தொடர்ந்து சென்றவர்களிடையே இறப்பு விகிதம் குறைவாக இருந்தது. தொடர்ச்சி மட்டுமே இதற்குக் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனாலும் பல நாடுகளில் ஒரே போக்கு தெரிவது கவனிக்க வேண்டியது.

முதல் அளவு: வருகைகளை எண்ணுங்கள்

ஆய்வாளர்கள் பயன்படுத்தும் எளிய கணக்கு ஒன்று உண்டு. நீங்கள் அதிகமுறை பார்த்த மருத்துவரிடம் சென்ற தடவைகளை, எல்லா மருத்துவர்களிடமும் சென்ற மொத்தத் தடவைகளால் வகுக்க வேண்டும். விடை 1 என்றால் எப்போதும் ஒரே மருத்துவர். விடை குறையக் குறைய, வருகைகள் பலரிடம் சிதறியுள்ளன என்று பொருள்.

அந்த மூதாட்டியின் கடந்த 12 மாத வருகைகள்:

- பலதுறை மருந்தகத்தில் அவருடைய வழக்கமான மருத்துவர்: 4
- புளோக்குக்குக் கீழே உள்ள மருந்தகம்: 3
- இதய நிபுணர்: 2
- கண் நிபுணர்: 1

மொத்தம் 10. ஆகவே 4 ÷ 10 = 0.4.

முழங்கால் வலிக்குச் சென்ற அந்த 3 தடவையும் தம் வழக்கமான மருத்துவரிடமே சென்றிருந்தால், விடை 0.7 ஆகியிருக்கும். நிபுணர்களை அவர் கைவிட வேண்டியதில்லை. பொதுவான உடல்நலக் குறைகளுக்கு ஒரே இடத்திற்குச் சென்றாலே போதும்.

உங்கள் சந்திப்பு அட்டைகளையோ ஹெல்த்ஹப் செயலியையோ பார்த்து நீங்களும் கணக்கிடலாம். தனியார் மருந்தகங்களுக்குச் சென்றதையும் மறக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள். பலதுறை மருந்தகத்தில் ஒரே குழு உங்களைக் கவனித்துவந்தால், அந்தக் குழுவை ஒருவராகவே எண்ணலாம்.

இந்த எண் சொல்லாதது

எண் குறைவாக இருப்பதனால் மட்டும் பராமரிப்பு மோசம் என்று ஆகிவிடாது. இதயம், சிறுநீரகம், கண் என மூன்று நிபுணர்கள் தேவைப்படுபவருக்கு எண் குறைவாகத்தான் இருக்கும். அந்த மூவரும் குடும்ப மருத்துவரும் தகவல்களைப் பகிர்ந்துகொண்டால் அவருடைய பராமரிப்பு நன்றாகவே நடக்கும். மாறாக, எண் 1 என்று இருந்தும், மருத்துவரிடம் நாம் எதையும் சொல்லாமல் இருந்தால் பயன் குறைவு. அதனால்தான் இரண்டாவது அளவும் வேண்டும்.

இரண்டாம் அளவு: ஆறு கேள்விகள்

"ஆம்" என்ற ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு புள்ளி.

1. நான் எடுக்கும் எல்லா மருந்துகளையும் அறிந்த மருத்துவர் ஒருவர் இருக்கிறாரா? கடையில் வாங்கியவை, நாட்டு மருந்து, சத்து மாத்திரை ஆகியவையும் இதில் அடங்கும்.
2. நிபுணரைப் பார்த்த பிறகு, அவர் சொன்னது என் குடும்ப மருத்துவருக்குத் தெரிகிறதா?
3. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியபின், எந்த மருந்தை நிறுத்த வேண்டும், எதைத் தொடர வேண்டும் என்று யாராவது தெளிவாகச் சொன்னார்களா?
4. தேவையின்றி ஒரே ரத்தப் பரிசோதனையை இரண்டு இடங்களில் செய்யாமல் இருக்கிறேனா?
5. இரு மருத்துவர்கள் வெவ்வேறாகச் சொன்னால், யாரிடம் கேட்பது என்று எனக்குத் தெரியுமா?
6. என் பிள்ளைகளுக்கோ பராமரிப்பாளருக்கோ என் மருத்துவர் யார் என்று தெரியுமா?

இது மருத்துவப் பரிசோதனை அன்று. "இல்லை" என்று பதில் வந்த கேள்விகளே, அடுத்த சந்திப்பில் நீங்கள் மருத்துவரிடம் பேச வேண்டியவை.

நீங்கள் செய்யக்கூடியவை

ஒரு மருந்தகத்தைத் தேர்ந்தெடுங்கள். 2023 ஜூலையில் தொடங்கிய ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தின்கீழ், 40 வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளர்கள் பங்கேற்கும் பொது மருத்துவரிடமோ பலதுறை மருந்தகத்திலோ பதிந்துகொள்ளலாம். உங்களுக்கான சுகாதாரத் திட்டத்தை வகுக்கும் முதல் ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. செயலியில் பதிவது சிரமமாக இருந்தால் பிள்ளைகள், பேரப்பிள்ளைகளின் உதவியை நாடுங்கள்.

எல்லா மருந்துகளையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுசெல்லுங்கள். ஒரே மருந்து இரண்டு பெயர்களில் இருக்கலாம். மருத்துவரோ மருந்தாளரோ பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுவார்.

வேறு மருந்தகத்திற்குச் செல்ல நேர்ந்தால் சொல்லுங்கள். "ரத்த அழுத்தத்திற்கு இந்த மருந்து எடுக்கிறேன். இந்த வலி மாத்திரை அதனுடன் ஒத்துப்போகுமா?" என்று தயங்காமல் கேளுங்கள். தேசிய மின்னியல் சுகாதாரப் பதிவேட்டில் எல்லாம் இருக்கும் என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிடாதீர்கள். கடையில் நீங்களே வாங்கிய தைலமும் மாத்திரையும் அதில் இருக்கமாட்டா.

தமிழில் பேச வேண்டுமா? சந்திப்புக்குப் பதியும்போதே கேட்டுப் பாருங்கள். தமிழ் பேசும் ஊழியர் இல்லையென்றால், குடும்பத்தினர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள்.

மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். சந்தேகம் இருந்தால் முதலில் உங்கள் மருத்துவரையோ மருந்தாளரையோ கேளுங்கள். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், திடீரெனக் கை கால் செயலிழத்தல் போன்றவை ஏற்பட்டால் வழக்கமான மருத்துவருக்காகக் காத்திருக்க வேண்டாம். உடனே 995ஐ அழையுங்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை, உங்கள் பிறந்தநாளையொட்டி, இந்த இரண்டு அளவுகளையும் மீண்டும் எடுத்துப் பாருங்கள். விடைகளை ஒரு தாளில் எழுதி, மருந்துப் பையோடு அடுத்த சந்திப்புக்குக் கொண்டுசெல்லுங்கள்.