இலையில் முடிச்சு

சித்தூர் மாவட்டத்தில் ஒரு கிராமம். 2006ஆம் ஆண்டு. மகளிர் குழு கடன் வாங்கி நாற்றங்கால் போட்டிருந்தது. இரண்டாயிரம் தைல மரக் கன்றுகள். வெள்ளிக்கிழமை வியாபாரி வருவதாகப் பேச்சு.

புதன்கிழமை மருமகள் ஓர் இலையைக் கொண்டுவந்து காட்டினாள். நடு நரம்பில் வரிசையாக முடிச்சுகள்.

மாமியார் சிரித்தார். “வாசல் புங்க மரத்திலும்தான் முடிச்சு இருக்கிறது. மரம் செத்தா போயிற்று?”

“இல்லை அத்தை. குருத்து வளைகிறது. கன்று வளரவே இல்லை.”

வனத்துறை ஊழியரை அழைத்து வந்தார்கள். அவர் முதலில் புங்க இலையைத் திருப்பிக் காட்டினார். முடிச்சின் அடியில் சிறு வாய் இருந்தது.

“இதைச் செய்வது சிலந்திப்பேன். கண்ணுக்குத் தெரியாது. வளர்ந்த மரம் இதைத் தாங்கும்.”

பிறகு தைல மர முடிச்சை பிளேடால் பிளந்தார். உள்ளே சிறு சிறு அறைகள். அறைக்கு ஒரு வெள்ளைப் புழு. கால் இல்லை.

“இது குளவியின் புழு அம்மா. குளவி கடுகு அளவுகூட இருக்காது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தது. 2001இல் நம் நாட்டில் தென்பட்டது. இளம் நரம்பிலும் காம்பிலும் தண்டிலும் முட்டை வைக்கும். அந்த இடம் வீங்கும். அந்த வீக்கமே புழுவுக்கு வீடு. அதுவே சோறு. சுமார் 4 மாதத்தில் துளை போட்டு வெளியே பறக்கும். துளை இல்லையென்றால் இன்னும் உள்ளேதான் இருக்கிறது.”

“மருந்து அடிக்கலாமா சார்?”

“மேலே அடிக்கும் மருந்து உள்ளே எளிதில் போகாது. முடிச்சு உள்ள கன்றுகளைப் பிடுங்கி எரியுங்கள்.”

எல்லா முடிச்சும் கெடுதல் அல்ல. நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய்ப் பூ விற்கிறார்கள். அது பூவே அல்ல. கடுக்காய் மரத்தில் பூச்சியால் உண்டாகும் முடிச்சு. அதைக் காசு கொடுத்து வாங்குகிறோம்!

அன்று மாலை கன்றுகளை எண்ணினார்கள். முடிச்சு உள்ளவை 340.

“துளை விழவில்லையே. வியாபாரிக்கு என்ன தெரியும்? விற்றுவிடலாம்” என்றார் மாமியார் மெதுவாக.

“வாங்குகிறவர் நிலத்தில் போய்த் துளை விழுமே அத்தை. அடுத்த வருஷம் நம்மிடம் யார் வருவார்கள்?”

மாமியார் பேசவில்லை. சற்று நேரம் கழித்துச் சுள்ளி எடுத்து வந்தார். 340 கன்றுகளும் எரிந்தன.

வியாழக்கிழமை விடிந்ததும் அவரே நாற்றங்காலுக்குப் போனார். மீதிக் கன்றுகளை ஒவ்வோர் இலையாகத் திருப்பிப் பார்க்கத் தொடங்கினார்.