கைமாறி விழிக்கும் கணினி

நுழையும்முன்

பொத்தானை அழுத்தினால் கணினி இயங்கும் என்பது யாவரும் அறிந்தது. பொத்தான் அழுத்தப்படுவதற்கும் திரை ஒளிர்ந்து பயனரின் பெயரைக் கேட்பதற்கும் இடையே கழியும் சில நொடிகளில் நிகழ்வது என்ன என்பதைச் சிலரே அறிவர். அதை அறிந்தவர்க்குக் கணினி தொடங்காமல் நின்றுபோவது அச்சம் தருவதன்று. விடை காணத்தக்க ஒரு வினா. யூனிக்ஸ் மரபில் தோன்றிய லினக்ஸ் இயங்குதளம் தனியாள் கணினியில் விழித்தெழும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

தேரும் நெம்புகோலும்

விருதுநகர் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அருகருகே அமைந்த ஊர்கள் திருவில்லிபுத்தூரும் இராஜபாளையமும். முன்னது பதினொரு நிலைக் கோபுரத்துக்கும் ஆடிப்பூரத் தேரோட்டத்துக்கும் பெயர் பெற்றது; பின்னது நூற்பாலைகளுக்குப் பெயர் பெற்றது. கணினி விழிக்கும் முறையை விளங்கிக்கொள்ள இவ்விரண்டு ஊர்களும் ஆளுக்கோர் உவமை தருகின்றன.

தேர்வடத்தைப் பிடிக்க ஆயிரக்கணக்கானோர் திரண்டு நின்றாலும், அசையாது நிற்கும் சக்கரத்துக்கு முதல் அசைவைத் தருவது பின்னே இடப்படும் நெம்புகோலே. நெம்புகோலால் தேரை நிலைவரை கொண்டுசேர்க்க இயலாது. அதன் வேலை முதல் அசைவோடு முடிகிறது. எனினும் அந்த அசைவின்றி அடுத்த அசைவு இல்லை.

கணினியின் நிலையும் இதுவே. ஒரு நிரலை நினைவகத்தில் ஏற்றி இயக்குவது இயங்குதளத்தின் பணி. இயங்குதளமும் ஒரு நிரலே. அப்படியானால் இயங்குதளத்தை நினைவகத்தில் ஏற்றுவது யார்? தன் தோளில் தானே ஏறி நிற்க ஒருவராலும் முடியாது. காலணியின் வாரைப் பிடித்துத் தன்னைத் தானே தூக்கிக்கொள்ளுதல் என்னும் ஆங்கில வழக்கிலிருந்தே கணினியின் தொடக்கத்தைக் குறிக்கும் ‘பூட்’ என்னும் சொல் பிறந்தது.

பழங்காலக் கணினிகளில் இச்சிக்கலை மனிதரின் விரல்கள் தீர்த்தன. கணினியின் முன்பலகையில் இருந்த விசைகளை மேலும் கீழும் தள்ளி, முதற்கட்டளைகளை ஒவ்வொன்றாக நினைவகத்தில் பதித்தனர். அச்சிறு நிரல் நாடாவிலிருந்தோ வட்டிலிருந்தோ அதைவிடப் பெரிய நிரலைக் கொண்டுவந்தது. இன்று விரல்களின் வேலையைச் சில்லு ஒன்று செய்கிறது. சிறியது பெரியதை அழைக்கும் முறை மட்டும் மாறவில்லை.

ஆலை காட்டும் வழி

இராஜபாளையத்தின் நூற்பாலைத் தொழில் நெடிய வரலாறு உடையது. பி. ஏ. சி. இராமசாமி ராஜா நிறுவிய இராஜபாளையம் மில்ஸ் 1936-ஆம் ஆண்டில் தோன்றியது. ஆலைக்குள் வரும் பஞ்சுப்பொதி ஒரே பொறியில் நூலாகிவிடுவதில்லை. புளோரூமில் பஞ்சு உதிர்க்கப்பட்டுத் தூசு நீங்குகிறது. கார்டிங் பொறி இழைகளைச் சீவித் தளர்ந்த கயிறு போலாக்குகிறது. டிராயிங் பொறி அத்தகைய கயிறுகள் பலவற்றைச் சேர்த்து இழுத்துச் சீராக்குகிறது. சிம்ப்ளக்ஸ் பொறி அதனை மெல்லியதாக்கி இலேசாக முறுக்குகிறது. இறுதியில் ஸ்பின்னிங் பொறியில் நூல் பிறக்கிறது.

ஒவ்வொரு கட்டமும் தன் வேலையை முடித்து அடுத்த கட்டத்தின் கையில் பொருளை ஒப்படைக்கிறது. இறுதிக் கட்டத்தில் நூல் அடிக்கடி அறுமானால், தேர்ந்த தொழிலாளர் அந்தப் பொறியை மட்டும் பார்ப்பதில்லை. முந்தைய கட்டங்களில் எங்கே பிழை நேர்ந்தது என்றும் தேடுவர். கணினி விழிப்பதும் இத்தகைய கைமாற்றமே. அதன் கட்டங்கள் நான்கு: தாய்ப்பலகையின் நிலைபொருள், தொடக்கமேற்றி, கெர்னல், முதற்செயல்.

முதற்கட்டம்: நிலைபொருள்

மின்சாரம் நின்றதும் கணினியின் முதன்மை நினைவகம் தன்னிடம் இருந்த யாவற்றையும் மறந்துவிடுகிறது. ஆகவே, மின்சாரம் மீண்டும் வரும்போது செயலிக்கு எதுவும் தெரியாது. ஒரே ஒரு முகவரி மட்டும் அதன் அமைப்பிலேயே பொதிந்திருக்கும். ஐபிஎம் தனியாள் கணினியின் வழிவந்த செயலிகளில் அம்முகவரி, செயலி எட்டக்கூடிய நினைவக எல்லையின் முடிவுக்குப் பதினாறு பைட்டுகள் முன்னதாக அமையும். அவ்விடத்தில் காத்திருப்பது, தாய்ப்பலகையின் சில்லில் அழியாமல் பதிந்துள்ள பயாஸ் என்னும் நிலைபொருள்.

பயாஸ் முதலில் நினைவகம், விசைப்பலகை, திரை ஆகியவை ஒழுங்காக உள்ளனவா என்று சோதிக்கிறது. நினைவகத்தில் குறை இருந்தால், திரை ஒளிரும் முன்பே ‘பீப்’ ஒலி எழுப்பி உணர்த்துகிறது. பின்னர், வன்தட்டின் முதல் 512 பைட்டுகளை மட்டும் படித்து நினைவகத்தில் இடுகிறது. அவற்றின் இறுதி இரண்டு பைட்டுகளில் உரிய அடையாளம் இருந்தால், பொறுப்பை அங்கே ஒப்படைத்துவிடுகிறது. அந்த நிரல் லினக்ஸைச் சேர்ந்ததா, விண்டோஸைச் சேர்ந்ததா என்பது பயாஸுக்குத் தெரியாது. தெரியவேண்டிய தேவையும் இல்லை.

பிற்காலக் கணினிகளில் பயாஸின் இடத்தை யூஇஎஃப்ஐ பெற்றுள்ளது. அது முதல் 512 பைட்டுகளை நம்பியிருப்பதில்லை; வன்தட்டில் தொடக்கத்துக்கென்றே ஒதுக்கப்பட்ட பிரிவைத் திறந்து, அங்குள்ள தொடக்கமேற்றிக் கோப்பை நேரே இயக்குகிறது.

இரண்டாம் கட்டம்: தொடக்கமேற்றி

பழைய முறையில் அந்த 512 பைட்டுகளுள் வன்தட்டின் பிரிவுகளைக் காட்டும் அட்டவணை 64 பைட்டுகளையும், அடையாளம் 2 பைட்டுகளையும் எடுத்துக்கொள்கின்றன. நிரலுக்கு எஞ்சுவது 446 பைட்டுகளே. ஒரு சிறு பத்தியை எழுதவும் போதாத இந்த இடத்தில் இயங்குதளம் அடங்காது. ஆகவே, லினக்ஸில் பெரிதும் பயன்படும் கிரப் என்னும் தொடக்கமேற்றி தன்னையே பகுத்துக்கொள்கிறது. 446 பைட்டுகளில் உள்ள முதற்பகுதிக்குத் தெரிந்தது ஒன்றே: தன் அடுத்த பகுதி வன்தட்டில் எங்கே உள்ளது என்பது.

அடுத்த பகுதி வந்ததும் கிரப் அறிவு பெறுகிறது. கோப்புகளைப் பெயரறிந்து படிக்கிறது. கணினியில் உள்ள இயங்குதளங்களைத் திரையில் பட்டியலிடுகிறது. பயனர் சில நொடிகளில் தேர்ந்தெடுக்காவிட்டால் முதலில் குறிக்கப்பட்டதைத் தானே எடுத்துக்கொள்கிறது. கெர்னலை நினைவகத்தில் ஏற்றி, பொறுப்பை ஒப்படைத்ததும் அதன் பணி முடிகிறது.

மூன்றாம் கட்டம்: கெர்னல்

கெர்னல் என்பது இயங்குதளத்தின் கரு. இடம் சிக்கனமாக இருப்பதற்காகச் சுருக்கி வைக்கப்பட்டிருக்கும் அது, முதலில் தன்னைத்தானே விரித்துக்கொள்கிறது. பிறகு நினைவகத்தைப் பங்கிட்டு, செயலியின் கருவங்களை எழுப்பி, இணைக்கப்பட்ட கருவிகளை அடையாளம் காண்கிறது.

இங்கே மீண்டும் ஒரு முடிச்சு. வன்தட்டைப் படிக்க அதற்குரிய இயக்கி நிரல் தேவை. அந்த இயக்கி நிரலோ வன்தட்டிலேயே இருக்கலாம். பூட்டிய பெட்டிக்குள் அதன் சாவியை வைத்தது போன்ற நிலை இது. இம்முடிச்சை அவிழ்க்க, கிரப் கெர்னலோடு சிறிய தற்காலிகக் கோப்புத்தொகுதி ஒன்றையும் நினைவகத்தில் ஏற்றிவிடுகிறது. தேவையான சாவிகள் யாவும் அதில் உள்ளன. அவற்றைக் கொண்டு உண்மையான வன்தட்டுப் பிரிவு திறக்கப்பட்டதும் தற்காலிகத் தொகுதி விலகிக்கொள்கிறது.

நான்காம் கட்டம்: முதற்செயல்

வன்தட்டுத் திறந்ததும் ‘இனிட்’ எனப்படும் முதற்செயல் தொடங்கப்படுகிறது. அதன் எண் எப்போதும் ஒன்று. வலையமைப்பு, ஒலி, அச்சுப்பொறி, திரைத்தோற்றம் முதலிய பணிகள் யாவும் அதன் வழியாகவே தொடங்குகின்றன. முற்காலத்தில் இப்பணிகள் வரிசையில் நின்று ஒன்றன்பின் ஒன்றாகத் தொடங்கின. இன்று பல லினக்ஸ் பதிப்புகளில் உள்ள சிஸ்டம்டி, ஒன்றையொன்று சாராத பணிகளை ஒரே நேரத்தில் தொடங்கிக் காலத்தை மிச்சப்படுத்துகிறது. இறுதியில் திரை பயனரின் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கிறது. கைமாற்றம் இப்போது மனிதரின் கையை வந்தடைகிறது.

தெரிந்து தெளிவோம்

யூனிக்ஸ் 1969-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி முதலியோரால் உருவாக்கப்பட்டது. ரிச்சார்ட் ஸ்டால்மன் 1983-இல் அறிவித்த குனு திட்டம், யாவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமையுள்ள யூனிக்ஸ் போன்றதோர் இயங்குதளத்தைப் படைக்க முனைந்தது. பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் வெளியிட்ட கெர்னலே லினக்ஸ். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று.

அரசு மடிக்கணினியும் பாஸ் லினக்ஸும்

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. கணினிகளைத் தமிழ்நாடு மின்னணுக் கழகமான எல்காட் கொள்முதல் செய்தது. தொடக்க ஆண்டுகளில் வழங்கப்பட்ட கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் நிறுவப்பட்டிருந்தது. இந்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ், 2007-இல் முதலில் வெளிவந்தது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் பயன்படுத்தத்தக்கது. இவ்வாறு, கணினி வாங்க இயலாத இல்லங்களிலும் தொடக்கமேற்றியின் பட்டியல் முதன்முறையாகத் திரையில் தோன்றியது.

இருவேறு இயங்குதளங்கள் ஒரே வன்தட்டில் வாழும்போது எளிதில் நேரக்கூடிய சிக்கல் ஒன்று உண்டு. பழைய முறையில் அமைந்த வன்தட்டில் விண்டோஸை மீண்டும் நிறுவினால், அது முதல் 446 பைட்டுகளில் தன் நிரலை எழுதிவிடுகிறது. அதன்பின் கணினியைத் தொடங்கினால் கிரப் பட்டியல் தோன்றுவதில்லை. லினக்ஸும் அதில் சேமித்த பாடக்குறிப்புகளும் படங்களும் அழிந்துவிட்டன என்றே பயனர் எண்ணுவார். உண்மையில், லினக்ஸ் இருந்த பிரிவையே அழித்து எழுதினாலன்றி அவை யாவும் இருந்த இடத்திலேயே உள்ளன. அவற்றுக்கு வழிகாட்டிய 446 பைட்டுகளே மாறியுள்ளன. விரலியிலிருந்து லினக்ஸை இயக்கி, கிரப்பை மீண்டும் நிறுவினால் பட்டியல் திரும்பி வந்துவிடும். இதனை அறியாதவர் உள்ளவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவுவார். ஓராண்டு உழைப்பு வீணாகும். அறிந்தவருக்கோ சில நிமிட வேலை.

நின்ற இடமே நோய்க்குறி

கணினி எங்கே நின்றது என்பதைத் திரையே சொல்லிவிடுகிறது. ஒலி மட்டும் எழுந்து திரை இருண்டிருந்தால், பிழை பெரும்பாலும் நினைவகம் போன்ற வன்பொருளில் உள்ளது. தொடங்கத்தக்க கருவி இல்லை என்னும் செய்தி வந்தால், பயாஸ் தன் பணியை முடித்துவிட்டது. ஒப்படைக்கக் கைதான் கிடைக்கவில்லை. வன்தட்டின் இணைப்புத் தளர்ந்திருக்கலாம். மறந்துவிட்ட விரலி ஒன்று செருகப்பட்டிருக்கவும் கூடும். கிரப் ரெஸ்கியூ என்று திரையில் தோன்றினால், கிரப்பின் முன்பகுதி வந்துவிட்டது. எஞ்சிய பகுதி அகப்படவில்லை. வேர்க்கோப்புத்தொகுதியைத் திறக்க இயலவில்லை என்று கெர்னல் முறையிட்டால், கெர்னல்வரை யாவும் நலம். வன்தட்டுப் பிரிவையோ அதன் இயக்கி நிரலையோ ஆராய வேண்டும். எல்லாம் கடந்து பயனர்பெயர் கேட்கும் இடத்துக்கு அருகில் நின்றால், வன்தட்டு நிரம்பியிருத்தல் போன்ற எளிய காரணமும் இருக்கலாம்.

ஆகவே, “கணினி கெட்டுவிட்டது” என்பது முழுமையான கூற்றன்று. “எந்தக் கை எந்தக் கையிடம் ஒப்படைக்கத் தவறியது?” என்பதே பொருத்தமான வினா. லினக்ஸில் இவ்வினாவுக்கு விடை தேடுதல் எளிது. கெர்னல் தான் செய்தவற்றுள் முக்கியமானவற்றைக் குறித்து வைக்கிறது. அக்குறிப்பைப் படிக்கலாம். கிரப், கெர்னல், முதற்செயல் ஆகியவற்றின் மூலநிரல்களும் திறந்தே உள்ளன. படிக்க முடிந்ததைப் பழுது நீக்கவும் முடியும்.

நூற்பாலையில் நூலறுந்த இடத்தைக் கண்டு இழையை இணைப்பவர், ஆலை முழுவதையும் நிறுத்துவதில்லை. அறுந்த இடத்தை அறிதலே அவரது திறன். பல்லாயிரம் கோப்புகள் கொண்ட இயங்குதளமும் பழைய முறையில் 446 பைட்டுகளின் சிறு கையைப் பற்றியே எழுகிறது. அச்சிறு கையின் வேலையை அறிந்த மாணவர்க்குத் தம் கையில் உள்ள கணினி விளங்காத பெட்டியாக இராது. தாமே திறந்து படிக்கத்தக்க நூலாகும்.

கற்பவை கற்றபின்

1. பள்ளிக் கணினி ஆய்வகத்தில் ஒரு கணினி தொடங்கும்போது திரையில் தோன்றும் செய்திகளை வரிசையாகக் குறித்து, அவை எந்தக் கட்டத்தைச் சேர்ந்தவை என வகைப்படுத்துக.
2. உங்கள் ஊரில் நடைபெறும் தொழில் ஒன்றின் கட்டங்களைக் கேட்டறிந்து, கணினியின் தொடக்கத்தோடு ஒப்பிட்டுப் பேசுக.

குறுவினா

1. ‘பூட்’ என்னும் சொல் கணினித்துறையில் வழங்கக் காரணம் யாது?
2. தொடக்கமேற்றியின் முதற்பகுதிக்கு 446 பைட்டுகள் மட்டுமே எஞ்சுவது ஏன்?

சிறுவினா

‘பூட்டிய பெட்டிக்குள் அதன் சாவி’ – இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக.

நெடுவினா

லினக்ஸ் இயங்குதளம் விழித்தெழும் கட்டங்களை நூற்பாலையின் செயல்முறையோடு பொருத்தி விவரிக்க.