ஒளி என்னும் மதகு

நுழையும்முன்
ஆற்றுநீரை நிறுத்தவும் திறந்துவிடவும் மதகு உண்டு. கண்ணுக்குப் புலனாகாத அணுக்களின் ஓட்டத்தை எதனால் நிறுத்துவது? எதனால் திறந்துவிடுவது? அவ்விரண்டையும் ஒளியால் செய்துகாட்டிய அறிவியலை விளக்குகிறது இப்பாடம்.

தணியும் வேகம்
அறை வெப்பநிலையில் ஆவியாக உள்ள ருபீடியம் அணு, நொடிக்கு ஏறத்தாழ 300 மீட்டர் வேகத்தில் அலைகிறது. அணுக்களின் இயக்கமே வெப்பம். ஆதலால், அவற்றின் வேகத்தைத் தணிப்பதே குளிர்வித்தல் ஆகும். விரைந்துவரும் அணுவுக்கு எதிரே தக்க அலைநீளமுடைய லேசர் ஒளியைப் பாய்ச்சினால், ஒளித்துகள்களின் உந்தத்தால் அணு தளர்கிறது. பின்னர், ஆற்றல் மிகுந்த அணுக்களை மட்டும் வெளியேறவிட்டால், ஆவி பறக்கப் பால் ஆறுவதுபோல எஞ்சியவை மேலும் குளிர்கின்றன.

போஸ் காட்டிய வழி
டாக்கா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சத்தியேந்திரநாத் போஸ், ஒளித்துகள்களைக் கணக்கிடும் புதிய முறையொன்றை 1924ஆம் ஆண்டு ஐன்ஸ்டீனுக்கு எழுதி அனுப்பினார். ஐன்ஸ்டீன் அதனை அணுக்களுக்கும் விரித்து, கடுங்குளிரில் அவை ஒரே குவாண்டம் நிலையில் ஒன்றுகூடும் எனக் கணித்தார். அக்கணிப்பு மெய்ப்பட எழுபது ஆண்டுகள் ஆயின. 1995இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் எரிக் கார்னெல், கார்ல் வீமன் ஆகியோர், தனிச்சுழி வெப்பநிலைக்கு மேல் ஒரு கெல்வினின் கோடியில் இரண்டு பங்கிற்கும் குறைவான குளிரில் இந்நிலையை உருவாக்கினர்.

ஓடலும் நிற்றலும்
2002இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் மார்க்கஸ் கிரைனர், இம்மானுவேல் பிளாக் உள்ளிட்டோர் இவ்வணுக்களின் ஓட்டத்தை ஆளத் தொடங்கினர். எதிரெதிரே பாய்ச்சிய லேசர் கதிர்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தி, வரிசை வரிசையாக ஒளிக்குழிகளை அமைத்தன. ஒளிச்செறிவு குறைந்திருந்தபோது அணுக்கள் குழிகளுக்கு இடையிலுள்ள தடுப்பை ஊடுருவி, மீப்பாய்மமாக எங்கும் பரவின. செறிவைக் கூட்டியபோது ஊடுருவல் அருகியது. ஒன்றையொன்று விலக்கும் அணுக்கள், எண்ணிவைத்தாற்போல் குழிதோறும் தங்கின. ஒளியைத் தணித்ததும் மீண்டும் பரவின.

பயன் யாது?
உலோகத்தில் எலக்ட்ரான்கள் ஓடுகின்றன. சில பொருள்களிலோ, ஒன்றையொன்று விலக்குவதால் இருந்த இடத்திலேயே நின்றுவிடுகின்றன. அத்தகைய பொருள்கள் மின்சாரத்தைக் கடத்துவதில்லை. திண்பொருளினுள் உள்ள தடுப்பை நாம் விரும்பியவாறு உயர்த்தவோ தாழ்த்தவோ இயலாது, ஒளிக்குழிகளில் இயலும். கணினியால் கணக்கிட அரிதான இவ்வினாக்களுக்கு, இயற்கையையே மாதிரியாக அமைத்து விடை தேடும் வாயில் இவ்வாறு திறந்தது. ஒரு நூற்றாண்டுக்கு முன் டாக்காவில் எழுதப்பட்ட சில பக்கங்கள் அதற்கு வித்திட்டன.

கற்பவை கற்றபின்
1. அணுவைக் குளிர்விப்பதில் ஒளியின் பங்கினை விளக்குக.
2. 'ஒளி என்னும் மதகு' – தலைப்பின் பொருத்தத்தை மியூனிக் ஆய்வின்வழி நிறுவுக.