சிறார் தண்டுவடக் கொழுப்புக் கட்டியும் அதன் சத்திர சிகிச்சையும்

சுண்டுவிரற் பருமனேயுள்ள தண்டுவடம் மூளையின் ஏவலைக் கால்களுக்குக் கொண்டு செல்வதோடு, மலசலங் கழிக்குந் தொழிலையும் ஆளுகின்றது. சில குழந்தைகளுக்கு இதன் கீழ்நுனியிற் பிறவியிலேயே கொழுப்புக் கட்டியொன்று பற்றியிருப்பதுண்டு. அதனை அறுத்தகற்றுவது எப்போது, எவ்வளவு என்பதை ஈண்டு நாம் சிறிது ஆராய்வோம்.

கருவளர்ச்சியின் முதல் மாதத்தில் முதுகுப்புறத்துப் படலம் சுருண்டு மூடிக் குழலாகி, மேற்றோலினின்று பிரிகின்றது. குழல் மூடுமுன்னரே தோல் பிரிந்துவிடின், இடைத்திசு உள்ளே புகுந்து கொழுப்பாகி நரம்போடு ஒட்டிக்கொள்ளும் என்பர். இது புற்றுநோய் அன்று. உடலின் ஏனைய கொழுப்பைப் போன்றதே.

அங்ஙனமாயின் தீங்கு யாது? முள்ளந்தண்டு தண்டுவடத்தினும் விரைந்து வளர்வது. வளருந்தோறும் தண்டுவடத்தின் நுனி மேனோக்கி ஏறுதல் இயல்பு. கொழுப்பு அதனைக் கீழே பிணித்துவிடின், முளையிற் கட்டிய கன்று கயிற்றை இழுத்து வருந்துமாறு போல நரம்பு இழுபட்டு வருந்தும். கால் தளர்தல், பாதங் கோணுதல், சிறுநீர் அடங்காமை முதலியன இதன் விளைவுகள். ஆதலின் இடுப்பின் நடுவே மெத்தென்ற புடைப்பு, மயிர்க்கற்றை, குழி, செம்மறு ஆகியவை காணப்படின், பெற்றோர் அவற்றை வெறும் அழகுக்குறையென்று அசட்டை செய்யலாகாது. எம். ஆர். ஐ. படம் உண்மையைக் காட்டும்.

சிகிச்சையின்போது குழந்தையை மயக்கிக் குப்புறக் கிடத்தி, முள்ளெலும்பின் பின்புறத்தைத் திறப்பர். சிறு மின்னோட்டத்தால் எது நரம்பு, எது கொழுப்பு என்று சோதித்தறிந்தே கத்தியைச் செலுத்துவர். முன்னையோர் பலர் கொழுப்பிற் சிறிது குறைத்துப் பிணிப்பை அவிழ்ப்பதோடு நின்றனர். டாக்லிங் பாங் என்பாரோ, கொழுப்பை ஏறக்குறைய முற்றும் நீக்கி, விரிந்து கிடக்கும் நரம்புத் தட்டைக் குழல்போற் சுருட்டித் தைத்து, உறையை அகலமாக்கி மூடும் முறையை 2009, 2010-ம் ஆண்டுகளில் விரித்தெழுதினார். அவர் கணக்கின்படி, முற்றும் நீக்கப்பெற்றோர் 16 ஆண்டளவும் நோய் முற்றாதிருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 82.8, சிறிதே நீக்கப்பெற்றோர்க்குப் பத்தரை ஆண்டில் அது 34.6.

இதற்கு மாறான கருத்தும் உண்டு. பாரிஸ் நகரத்து நெக்கர் மருத்துவமனையார், நோய்க்குறி தோன்றாத 53 குழந்தைகளை அறுக்காது கவனித்து 2004-ல் முடிவை வெளியிட்டனர். ஒன்பதாம் ஆண்டிற் கேடுறும் அபாயம் இவர்க்கு நூற்றுக்கு 33. முன்னர் அறுக்கப்பெற்றோர்க்கு 46. இவ்வேற்றுமை உறுதியானதென்று கொள்ளத்தக்கதன்று. அவர்கள் அறுத்த முறையும் பாங் கூறும் முறையன்று. எனினும், அறுத்தலே எப்போதும் நலமென்று துணிதற்கு இது தடையாய் நிற்கின்றது.

குறி தோன்றியபின் அறுத்தல் வேண்டுமென்பதிற் பெரும்பாலார் ஒன்றுபடுவர். குறியில்லாத குழந்தையின் திறத்திலேயே வழக்கு. காத்திருந்து இழந்த சிறுநீரடக்கம் முழுதும் மீள்வது அரிது. அறுக்குங்காற் கை பிழைத்தால் நன்றாய் நடக்கும் குழந்தை நடையிழத்தலும் கூடும். ஆகவே காத்திருப்பதாயின் கண்விழித்துக் காத்திருத்தலும், அறுப்பதாயின் தேர்ந்த கைகளை நாடுதலும் கடன். வைத்தியத் துறை புகவிருக்கும் நம் மாணவர், கத்தியை எடுக்குந் திறத்தோடு அதனைக் கீழே வைக்கும் அறிவையும் பயில்வாராக.